பூம்பாறை விளக்கடிக்கு வந்த வண்டு
வாசகர் கேள்வி – பதில்

மே, ஜூன் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வண்டுக் கடிதங்கள்தான். இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தோடு வண்டுகளும் வந்ததால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம்.

*

கோடை மழை விட்ட மறுநாள் ராத்திரி எங்கள் வாசல் பல்புக்கு ஏராளமான பழுப்பு வண்டுகள் வந்து மோதின. நான்கைத் தீப்பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். செல்போன் படத்தைக் காட்டினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இது என்ன வண்டு? இதுவரை யாரும் பார்க்காத புது இனமாக இருக்குமா?
— பள்ளி ஆசிரியர், பூம்பாறை

ஐயா, தீப்பெட்டி வந்து சேர்ந்தது. நான்கில் ஒன்றுக்குத் தலை கழன்றுவிட்டது. இரண்டுக்குக் கால் நகங்கள் பஞ்சில் சிக்கி ஒடிந்திருந்தன. அடுத்த முறை பஞ்சு வேண்டாம். டிஷ்யூ பேப்பரில் சுருட்டிச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அனுப்புங்கள். நகத்துக்காக ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில் குடும்பம். உணர்கொம்பின் நுனியைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நகைக்கடையில் கல் பார்க்கிற லென்ஸ் போதும். நுனியில் மூன்று மெல்லிய தகடுகள் ஓலைச்சுவடி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடங்கியிருக்கும். உயிருள்ள வண்டு அவற்றை விரிக்கும், மூடும். வாசனை பிடிப்பது அவற்றால்தான். இந்தத் தகட்டுக் கொம்பும், மண் தோண்டுவதற்கென்றே பல் வைத்த முன்காலும் சேர்ந்திருந்தால் அது ஸ்காரபெய்டே குடும்பம். சாணி உருட்டும் வண்டும் தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டும் இந்தக் குடும்பம்தான். நாம் சின்ன வயதில் தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டு இதில் சேராது. அதன் கொம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

குடும்பத்துக்குள் எந்தக் கிளை என்று பார்க்கும்போதுதான் நகம் வேண்டும். பின்கால் நகங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் ரூட்டலினே. பச்சையும் செம்புமாக மினுங்கும் அனோமலா வண்டுகள் அந்தக் கிளை. இரண்டு நகமும் ஒரே அளவாக, உள்பக்கம் ஒரு சிறு பல்லோடு இருந்தால் பெரும்பாலும் மெலலான்தினே. பகலில் பூவில் உட்கார்ந்திருந்து, இறக்கை உறையைத் தூக்காமலே பக்கவாட்டில் இறக்கையை நீட்டிப் பறந்துபோவது செட்டோனினே. உங்கள் வண்டுகளில் ஒடியாமல் மிஞ்சிய நகங்களில் அந்தப் பல் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே மெலலான்தினே.

அப்புறம் அதன் மேனி. உங்கள் படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு வண்டு பளபளப்பாகத் தெரிகிறது. நான் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இறக்கை உறை முழுக்க மங்கலான வெல்வெட் பூச்சு, நாவல் பழத்தின் மேல் படிந்திருக்குமே ஒரு சாம்பல் படலம், அது மாதிரி. பஞ்சு உரசிய இடங்களில் மட்டும் பூச்சு போய் மினுங்குகிறது. இப்படி வெல்வெட் மேனி உள்ள வண்டுகள் பலவும் செரிசினி என்ற பிரிவில் வருகின்றன. லத்தீனில் பட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முட்டை வடிவ உடம்பையும், அகலமாகத் தட்டையான பின்காலையும், மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால் பேரினம் மலடேரா. அதுவரை எனக்குச் சந்தேகமில்லை.

அதற்குக் கீழே, இனம் எது என்று சொல்ல மேல்தோற்றம் உதவாது. மலடேராவில் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே வெல்வெட் பூச்சோடு வெவ்வேறு இனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்புதான். படத்தைப் பார்த்து உங்களுக்குப் பெயர் சொன்னவர்கள் எல்லாரும் ஊகித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் நான்கில் ஆண் ஒன்றே ஒன்று. தலை கழன்றதே, அதுதான். கொம்புத் தகடு மற்ற மூன்றைவிட நீளமாக இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். வெந்நீரில் ஊறவைத்ததும் உடம்பு இளகியது. வயிற்றின் நுனி வழியாக மெல்லிய கொக்கி ஊசியை விட்டு உறுப்பை வெளியே எடுத்தேன். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத, கெட்டியான பழுப்புக் குழல். அதன் முனையில் இரண்டு கொக்கிகள். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. இடது கொக்கி அரிவாள் மாதிரி வளைந்தும், வலது கொக்கி குட்டையாகவும் இருக்கின்றன. இந்தப் பிரிவில் இடதும் வலதும் இப்படி மாறியிருப்பது சகஜம். வளைவு எவ்வளவு, நுனி கூரா மழுங்கலா என்பதில்தான் இனத்துக்கு இனம் வித்தியாசம். அந்தக் கொக்கிகளைக் கிளிசரின் துளியில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் மூன்று பக்கமிருந்தும் பார்த்து வரைந்து வைத்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆணை வைத்து இனப்பெயர் எழுத நான் துணியமாட்டேன். ஒரே இனத்துக்குள்ளும் வண்டுக்கு வண்டு சிறு மாற்றம் இருக்கும். அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கக் குறைந்தது நான்கைந்து ஆண்களாவது வேண்டும்.

புது இனமா என்று கேட்டிருந்தீர்கள். யாரும் பார்க்காததாக இருக்க முடியாது. பூம்பாறையில் பூண்டு போட்ட பாட்டன்மார் எல்லாரும் கோடை மழைக்குப் பிறகு இதைப் பார்த்துத்தான் இருப்பார்கள். யாரும் பெயரிட்டு எழுதிவைக்காததா என்பதே கேள்வி. நம் நாட்டு ஸ்காரப் வண்டுகளுக்கு அடிப்படையான நூல்களை லண்டன் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் ஆரோ எழுதினார். செட்டோனினே, டைனாஸ்டினே (காண்டாமிருக வண்டின் கிளை) வண்டுகளுக்கு 1910-இலும், ரூட்டலினே வண்டுகளுக்கு 1917-இலும், சாணி வண்டுகளுக்கு 1931-இலும் அவருடைய தொகுதிகள் வந்தன. மெலலான்தினேவுக்கு அந்த வரிசையில் தொகுதியே வரவில்லை. நம் மலைகளில் விளக்குக்கு மொய்க்கிற பழுப்பு வண்டுகள் பெரும்பாலும் அந்தக் கிளைதான் என்பதால், அந்த இடைவெளி எனக்கு நெடுநாள் பெரிய குறையாக இருந்தது. 2016-இல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து டிர்க் ஆரன்ஸும் சில்வியா ஃபாப்ரிஸியும் இந்தியாவின் செரிசினி வண்டுகளை முழுமையாகத் தொகுத்து வெளியிட்டார்கள். அதில் புதிதாகப் பெயர் பெற்றவை ஏராளம். அந்த நூலின் வரைபடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே ஒரு மலடேராவைப் புதிது என்று வாயெடுக்கலாம்.

மலை வண்டு என்பதால் ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூம்பாறை இருக்கிற பழநி மலைக்கும் நீலகிரிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த சோலையில் வாழப் பழகிய உயிர்களுக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. சோலைக்கிளி என்ற சின்னப் பறவையைப் பாருங்கள்: நீலகிரியில் ஓர் இனம், பழநி மலையிலும் ஆனைமலையிலும் வேறோர் இனம். பறவையையே பிரித்துவிட்ட கணவாய், எட்டு மில்லிமீட்டர் வண்டைச் சும்மா விட்டிருக்குமா? ஆகவே உதகைப் பக்கத்து வண்டின் பெயரை, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று பூம்பாறை வண்டுக்கு அப்படியே ஒட்டிவிடக் கூடாது.

அடுத்த மழைக்கு அதே பல்படியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணி வரை பார்த்தால் போதும். நீளத் தகடு உள்ளவையாகப் பார்த்து ஐந்தாறு எடுத்து, தேதியும் நேரமும் எழுதி அனுப்புங்கள்.

*

நான் விலங்கியல் முதுகலை மாணவன். லாங்வுட் சோலைக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எருமைச் சாணத்துக்கு அடியில் கறுப்பு வண்டுகள் கிடைத்தன. சிலவற்றின் தலையில் இரண்டு நீளக் கொம்பு; சிலவற்றில் வெறும் முண்டு மட்டும். ஆன்தோஃபேகஸ் பேரினம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். இவை இரண்டு இனங்களா? புது இனம் என்றால் எப்படி அறிவிப்பது? என் பெயரை வைக்கலாமா?
— மாணவர், கோத்தகிரி

தம்பி, இரண்டு இனம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. ஆன்தோஃபேகஸில் ஒரே இனத்து ஆண்களே இரண்டு வகையாக இருக்கும். புழுவாக இருக்கும்போது தாய் மண்ணுக்குள் திணித்து வைத்த சாணம் நிறைய இருந்தால் நீளக் கொம்போடு வளரும். சாப்பாடு குறைந்தால் கொம்பு முளைப்பில் நின்றுவிடும். கொம்பில்லாத ஆண்களைத் தனி இனம் என்று நினைத்துத் தடுமாறியவர்கள் முன்பும் உண்டு. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் கொம்பின் நீளத்தையும் மார்புத் தகட்டின் அகலத்தையும் அளந்து குறி. இனப்பெருக்க உறுப்பையும் எடுத்துப் பார். கொம்பு மாறி, உறுப்பு மாறாமல் இருந்தால் அண்ணன் தம்பிதான்.

பிறகு ஆரோவின் 1931 தொகுதியில் உள்ள, இனம் கண்டறியும் அட்டவணையில் படிப்படியாக இறங்கிப் பார். அதில் வந்து நிற்கும் பெயரையும் உடனே நம்பிவிடாமல், அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளையும் தேடு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகமும், பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய மையமும், சென்னையில் விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் இருக்கின்றன. பெயரிடப்பட்ட மாதிரிகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது கிடைக்கும் தெளிவை எந்தப் படமும் தராது.

எல்லாம் பார்த்தும் எதிலும் பொருந்தவில்லை என்றால் வருணனை எழுத வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. தலையிலிருந்து தொடங்கி வால் வரை, ஒரு உறுப்பையும் விடாமல் போக வேண்டும். முகத்தகட்டின் விளிம்பு நேராக இருக்கிறதா, நடுவில் பள்ளமா? மார்புத் தகட்டில் உள்ள குழிப்புள்ளிகள் நெருக்கமா, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை புள்ளி அகலம் இருக்கிறது? மயிர் இருந்தால் படிந்ததா, நிமிர்ந்ததா? இறக்கை உறையின் கோடுகள் எத்தனை? ‘அழகிய கறுப்பு’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘கறுப்பு, இறக்கை உறையின் நுனி மட்டும் செம்பழுப்பு’ என்றால், நூறு வருடம் கழித்து உன்னைத் தெரியாத ஒருவரும் அந்த வண்டை அடையாளம் கண்டுவிடுவார். கடைசியில், மிக நெருங்கிய இனத்திலிருந்து இது எதில் மாறுகிறது என்று இரண்டு மூன்று வரி. வருணனைக்கு உயிர் அந்த வரிகளில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு ஆதாரம்.

ஒரே ஒரு வண்டை மூல மாதிரியாகக் குறிக்க வேண்டும். ஹோலோடைப் என்பது அதுதான். பின்னால் எத்தனை சண்டை வந்தாலும் அந்தப் பெயர் அந்த ஒரு வண்டைத்தான் சேரும். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 1999-இல் வந்தது. 2000 முதல், மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிக்காமல் வைக்கும் புது இனப்பெயர் செல்லாது. கட்டுரை முறையாக வெளியாகவும் வேண்டும். செய்தித்தாளில் படம் வந்தால் அது அறிவிப்பு ஆகாது. நம் நாட்டில் 2002-இன் உயிரியல் பன்மைச் சட்டப்படி, புது இனத்தின் மாதிரிகளை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது.

பெயருக்கு வருவோம். விவரித்து எழுதுகிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்வதில்லை. அது இந்தத் துறையின் மரபு. ஊர்ப்பெயர் வைக்கலாம், வண்டின் குணத்தை வைக்கலாம், பிடித்துக் கொடுத்தவர் பெயரை வைக்கலாம். காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன் சென்ற நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொடைக்கானலிலும் பூச்சி சேகரித்து உலகின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். ‘நாதனி’ என்று முடியும் பூச்சிப் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். அந்தப் பெயர்களை அவர் தானாக வைத்துக்கொள்ளவில்லை. அவர் அனுப்பிய மாதிரிகளை நம்பி வேலை செய்தவர்கள் நன்றியோடு வைத்தார்கள். ஊர், அடிக்கணக்கில் உயரம், மாதம் என்று அவர் எழுதிய சீட்டுகள் இன்றும் ஊசியில் இருக்கின்றன.

*

உருளைக்கிழங்கில் ஓட்டை விழுகிறது. மண்ணைக் கிளறினால் வெள்ளைப் புழு. எருக்குழியிலும் அதே புழு நிறைய இருக்கிறது. விளக்குக்கு வரும் பழுப்பு வண்டின் புழுதானா இது? எருவைக் கொட்டிவிடலாமா?
— விவசாயி, கேத்தி

எருவைக் கொட்ட வேண்டாம். முதலில் ஒரு சோதனை. எருக்குழிப் புழுவில் ஒன்றையும் பாத்திப் புழுவில் ஒன்றையும் எடுத்து வழவழப்பான பலகையில் விடுங்கள். மல்லாந்து, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது செட்டோனினே, பூவில் உட்காரும் வண்டின் புழு. மக்கியதைத் தின்று எருவை இன்னும் பொடியாக்கித் தருகிற நல்ல உயிர். ஆங்கில ‘C’ மாதிரி சுருண்டு, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு திணறினால் வேர்ப்புழுவாக இருக்கலாம். கிழங்கைக் கடிப்பது அதுதான்.

வேர்ப்புழுவிலும் பல இனம் உண்டு. வால் நுனியின் அடிப்பக்கத்தில் சிறு முட்கள் ஒரு கோலம் மாதிரி அமைந்திருக்கும். எந்தப் பேரினத்துப் புழு என்று அந்தக் கோலத்தை வைத்துச் சொல்லலாம். நாலைந்து புழுக்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிறகு ஸ்பிரிட்டில் போடுங்கள். நேரே ஸ்பிரிட்டில் போட்டால் கறுத்துவிடும், கோலம் தெரியாது. முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மருந்து அடிப்பதைப் பெயர் தெரிந்த பிறகு பேசலாம். இப்போதைக்குக் கோடையில் ஆழமாகக் கொத்திவிடுங்கள். வெளியே வரும் புழுவைக் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். மழை விட்ட மாலைகளில் தோட்டத்தோர மரங்களில் வண்டு இலை தின்ன வரும். கிளையை உலுக்கிப் பொறுக்கி எடுத்தால், மண்ணுக்குப் போகும் முட்டை குறையும். மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை நன்றாக மக்கிய எருவில் கலந்து போடுவது ஈரமான மண்ணில் நல்ல பலன் தரும்.

*

விடுமுறைக்கு நண்பர்களோடு பேரிஜம் ஏரிப் பக்கம் போய் வண்டு பிடிக்கலாமா?
— வாசகர், திண்டுக்கல்

கூடாது. அது வனத்துறைக் காடு. அனுமதி எழுத்தில் இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கென்றால் கல்லூரி மூலம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மற்றபடி உங்கள் வீட்டு வாசல் விளக்கே போதும்.

*

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மூன்று வருஷமாக வீட்டுத் தோட்டத்திலும் பாட்டி ஊரிலும் செத்துக் கிடக்கும் வண்டுகளைச் சேர்க்கிறேன். அறுபது ஆகிவிட்டது. மூடுபனிக் காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?
— மாணவி, கொடைக்கானல்

கண்ணு, அறுபது வண்டு என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பூஞ்சைக்கு வழி இருக்கிறது. வண்டை நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியில் வை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், புதுச் செருப்பு டப்பாவில் வருமே, அதைச் சேகரித்துப் போடு. நிறம் மாறும் வகை என்றால் மாறியதும் எடுத்துவிட்டு வேறு போடு. எறும்புக்கும் புத்தகப் பூச்சிக்கும் மூலையில் ஒரு அந்துருண்டையைத் துணியில் கட்டி வைக்கலாம், கையில் தொடாதே. ஏற்கெனவே பூஞ்சை வந்ததை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடை. ஊசி குத்துவதாக இருந்தால் வலது இறக்கை உறையின் மேற்பகுதியில் குத்து. அப்போது நடுக்கோடும் இடது பக்கமும் கெடாமல் இருக்கும். ரொம்பச் சின்ன வண்டைக் குத்தாதே. அட்டை முக்கோணத்தின் முனையில் பசை தொட்டு ஒட்டு.

ஆனால் உன் கடிதத்தில் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. 1994-இல் பழநி மலையின் மன்னவனூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, தெருவிளக்கடியில் பதினொரு பழுப்பு வண்டுகளை எடுத்துப் பிலிம் டப்பாவில் போட்டேன். டப்பாவில் ஒரு நம்பரை மட்டும் எழுதி, விவரத்தை நோட்டில் எழுதினேன். அடுத்த மாதம் நீலகிரியின் கேத்தியிலும் அதே மாதிரி எடுத்தேன், அதே நோட்டில் எழுதினேன். வத்தலக்குண்டு இறங்குகிற பஸ்ஸில் அந்த நோட்டு போய்விட்டது. நம்பர்கள் மழையீரத்தில் அழிந்தன. பல வருஷம் கழித்து ஒரு நிபுணர் என் பெட்டியைப் பார்த்தார். ஒரு வண்டின் கொக்கியை மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்: “இது எந்த ஊரில் எடுத்தது?” மன்னவனூரா, கேத்தியா? பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்த வண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பெயரில்லாமல்.

அதனால் இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எழுது. விரல் நகம் அளவுச் சீட்டு, பென்சில் எழுத்து. சாதாரணப் பேனா மை ஈரம் பட்டால் பரவும். ஊர், மலை, மாவட்டம்; செல்போனில் பார்த்து உயரம்; தேதி, மாதம், வருடம்; வாசல் விளக்கா, பூவா, சாணியா, செத்துக் கிடந்ததா; கடைசியில் உன் பெயர். சீட்டு வண்டு இருக்கும் அதே ஊசியில்தான் இருக்க வேண்டும், பெட்டி மூடியிலோ நோட்டிலோ இல்லை. எந்த வண்டு எங்கே கிடைத்தது என்று பாட்டியையும் கேட்டுப் பார். ஞாபகம் வராத வண்டுக்கு இடத்தை ஊகித்து எழுதிவிடாதே. ஒரு கேள்விக்குறி போட்டு வை.